உழைக்கும் குடும்பங்களும் மருத்துவக் காப்பீடும்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டி வாழப்பாடியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உணவு, அடைக்கலம், கல்வி, மருந்து ஆகிய நான்கையும் தானங்களாகச் சமண மரபு வகுத்து வைத்துள்ளது. அவற்றுள் ஔஷத தானம் எனப்படும் மருந்துக் கொடையைச் செய்வது முற்காலத்தில் எளிதாக இருந்தது. மூலிகை அறிந்தவர் அரைத்துக் கொடுத்தார். வசதி படைத்தவர் அதற்கான செலவை ஏற்றுக்கொண்டார். இன்று மருத்துவம் வளர்ந்திருக்கிறது, அதன் விலையும் வளர்ந்திருக்கிறது. இதயக் குழாயில் அடைப்பு நீக்கும் ஒரு சிகிச்சைக்கு ஆகும் செலவை ஓர் இலவச மருத்துவ முகாமின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது புரியும். முகாமில் நோய் கண்டறியப்படுகிறது. கண்டறிந்த பின் அந்தக் குடும்பம் எங்கே போகும், எதைக் கொண்டு போகும் என்ற வினாவுக்கு முகாமில் விடையில்லை. அவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊருக்குக் காப்பீடு என்ற சொல் புதிதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் லாரி இல்லாத ஊர் இல்லை. இன்சூரன்ஸ் கட்டாத லாரியைச் சாலையில் விடச் சட்டம் இடந்தராது. எந்தத் தேதியில் இன்சூரன்ஸ் முடிகிறது என்பதை லாரி உரிமையாளர் உறக்கத்திலும் சொல்வார். மரவள்ளி பயிரிடும் உழவர் பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறார். சேகோ ஆலையின் கொதிகலனுக்கும் கிடங்குக்கும் தீ விபத்துக் காப்பீடு உண்டு. ஆக, வண்டிக்குக் காப்பு உண்டு, பயிருக்கு உண்டு, மூட்டைக்கும் உண்டு. அந்த வண்டியை ஓட்டுபவர், அந்தக் கிழங்கைப் பிடுங்குபவர், அந்த மூட்டையைத் தூக்குபவர் ஆகியோரின் குடும்பத்துக்கு உண்டா என்று கேட்டால்தான் விடை தடுமாறுகிறது.

தடுமாறும் அந்தக் குடும்பங்கள் இதுநாள்வரை எவ்வாறு சமாளித்து வந்தன என்பதை அறிய ஆய்வு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நகைக்கடன் தொழிலில் உள்ளோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்டாலே போதும். நகையைக் கொண்டுவந்து வைப்பவர் காரணத்தையும் தாமாகவே சொல்வது வழக்கம். பள்ளிக் கட்டணம், நடவுச் செலவு, மருத்துவமனை என மூன்று காரணங்கள் மாறி மாறி வரும். முதலிரண்டுக்கும் வைத்த நகை பெரும்பாலும் திரும்பிப் போகிறது. பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். நடவுக்கு அறுவடை உண்டு. மருத்துவமனைக்காக வைத்த நகைக்கு இவ்விரண்டும் இல்லை. தொகை எங்கே நிற்கும் என்று தெரியாது. சம்பாதிப்பவரே படுக்கையில் இருந்தால் மீட்கும் வழியும் அடைபடுகிறது. தாலிக்கொடியும் காதுத் தோடும்தான் உழைக்கும் குடும்பத்தின் உண்மையான மருத்துவக் காப்பீடாக இருந்து வந்துள்ளன. பலருக்கு இன்றும் அவையே.

இந்த நிலையை மாற்றும் எண்ணம் உலகில் புதிதன்று. தொழிலாளர் நோயுற்றால் அச்செலவைத் தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து கட்டிய நிதியிலிருந்து கொடுக்கும் சட்டத்தை ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தார். பிரிட்டன் 1911-இல் அவ்வழியில் சென்றது. இந்தியாவில் பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் தொழிலாளருக்கென இயற்றப்பட்ட முதற்பெரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதுவே. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955-இல் அது கோயம்புத்தூருக்கு, அதாவது தமிழகத்துக்கு, வந்து சேர்ந்தது. பஞ்சாலைத் தொழிலாளருக்கு அது பெரும் வரம். ஆனால் ஆலையின் வாயிற்கதவுக்கு வெளியே நின்றவர்களை அது தொடவில்லை. தனியார் வாங்கிக்கொள்ளக்கூடிய 'மெடிக்ளைம்' பாலிசியை அரசுடைமைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் அறிமுகப்படுத்தின. அது அலுவலகம் செல்வோருக்கும் நடுத்தர வணிகருக்கும் ஆனதாகவே நெடுங்காலம் இருந்தது.

அமைப்புச் சாராத உழைப்பாளியின் வீட்டுக்குக் காப்பீடு வந்து சேர்ந்தது 2007-க்குப் பிறகுதான். அவ்வாண்டில் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கியது. 2008-இல் மத்திய அரசின் ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 30,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 30 ரூபாய். தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அது 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்றது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. காப்புத் தொகையும் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற அளவை எட்டியது. ஆட்சிகள் மாறின, பெயர்களும் மாறின. ஆனால் எந்த ஆட்சியும் இதைக் கைவிடவில்லை. அரசியலில் இத்தகைய தொடர்ச்சி அரிது, பாராட்டத்தக்கது.

ஒரு குடும்பத்துக்காக அரசு செலுத்தும் ஆண்டுப் பிரீமியம் 2012-இல் 497 ரூபாயாக இருந்தது. 2022-இல் திட்டம் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது அது 849 ரூபாய் ஆயிற்று. ஒரு கோடியே 37 லட்சம் குடும்பங்கள் இதில் அடங்கின. அவ்வளவு பேர் ஒரே குடையின்கீழ் வந்ததால்தான் ஒரு வேளை விருந்துச் செலவுக்குக்கூடக் காணாத தொகையில் 5 லட்சம் ரூபாய்க் காப்பு இயலுகிறது. தனியாகக் கடைக்குச் சென்று வாங்கினால் இதே தொகைக்கான பாலிசியின் விலை பல மடங்கு. காப்பீடு என்பது கூட்டத்தின் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விளைவு எண்களில் தெரிகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-இல் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஐந்தில்தான் ஒருவருக்கேனும் மருத்துவக் காப்பீடு இருந்தது. 2015-16-இல் அது 28.7 விழுக்காடு ஆயிற்று. 2019-21-இல் 41 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்விரண்டு காலங்களிலும் முறையே 64, 66.5 விழுக்காடு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வெண்களைக் கொண்டாடலாம், ஆனால் உற்று நோக்கிய பின்பு கொண்டாடுவது நல்லது. முதலாவதாக, கணக்கெடுப்பு கேட்பது 'வீட்டில் ஒருவருக்கேனும் இருக்கிறதா' என்ற வினா. மகனுக்கு நிறுவனத்தில் காப்பீடு இருந்து, தாய் தந்தையருக்கு இல்லாவிட்டாலும் அந்த வீடு காப்பீடு உள்ள வீடே. இரண்டாவதாக, நாட்டில் முன்னணி வரிசையில் நிற்கும் தமிழகத்திலேயே மூன்றில் ஒரு வீட்டில் ஒருவருக்குக்கூட இல்லை. மூன்றாவதாக, 64-லிருந்து 66.5 என்பது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பதாகும். வறியவரை அடைந்த பின் வளர்ச்சி ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பவர் யார்?

நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை அவர்களை 'விடுபட்ட நடுப்பகுதி' என்றது. நாட்டு மக்களில் நூற்றுக்கு முப்பதின்மர், ஏறத்தாழ 40 கோடிப் பேர். அரசின் இலவசத் திட்டத்தில் சேரும் அளவுக்கு ஏழைகளல்லர், விலை கொடுத்துப் பாலிசி வாங்கும் அளவுக்கு வசதியும் இல்லாதவர். தில்லியில் எழுதப்பட்ட இந்தத் தொடர் வாழப்பாடிக் கடைத்தெருவில் எப்படி உருக்கொள்கிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காணலாம்.

துணிக்கடையிலோ மளிகைக் கடையிலோ பணிபுரியும் ஒருவரை எடுத்துக்கொள்க. மாதச் சம்பளம் 14,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். முதலமைச்சர் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு வகுத்தால் 10,000 ரூபாய். இவர் வருமானம் அதைத் தாண்டுகிறது. எனவே அத்திட்டத்தில் இடமில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். அதற்குள் இவர் அடங்குகிறார். ஆனால் அச்சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களையே கட்டாயப்படுத்துகிறது. கடையில் இவரோடு சேர்த்து ஏழு பேர். ஆகவே அங்கும் இடமில்லை. தனியார் பாலிசி எடுக்கலாம். ஐவருக்குமாகக் கேட்டால், தாயின் வயதையும் சர்க்கரை நோயையும் கணக்கிட்டு நிறுவனம் சொல்லும் ஆண்டுப் பிரீமியம் இவரது மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும். மூன்று கதவுகளும் சாத்தியிருக்கின்றன. இவர் ஏழையல்லர், சோம்பேறியுமல்லர், நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பவர் இவரே.

இதில் மற்றொரு விந்தை உண்டு. பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 20,500 ரூபாய் வாங்கியவருக்கு ஆயிரம் ரூபாய் ஊதிய உயர்வு கிடைத்தால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்தவுடன் அவர் ஈ.எஸ்.ஐ.-யிலிருந்து வெளியேறுகிறார். ஆயிரம் ரூபாய் வந்தது. குடும்பம் முழுமைக்குமான மருத்துவம் போயிற்று. ஊதிய உயர்வை மறுத்துவிடலாமா என்று தொழிலாளர் தயங்கும் நிலையை ஒரு சட்டம் உண்டாக்குவது நன்றன்று. உச்சவரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இங்கிருந்தே பிறக்கிறது.

கடைப் பணியாளரின் நிலை இதுவாயின், ஆலையிலும் களத்திலும் பணிபுரிவோர் நிலை வேறு வகையில் சிக்கலானது. சேகோ ஆலைகள் கிழங்கு வரத்தைப் பொறுத்து ஓடுபவை. ஈ.எஸ்.ஐ.-யில் நோய்க்காலப் பணப்பலன் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்கள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் ஆலை மாறுபவருக்கு அந்த 78 ஓர் எட்டாக்கனி. பாக்கு உரிக்கும் பெண்கள் நிலைமை இன்னும் நுண்ணியது. பேளூர், சிங்கிபுரம், பெத்தநாயக்கன்பாளையம் பக்கங்களில் களத்திலும் வீட்டுத் திண்ணையிலும் எடைக்கணக்கில் கூலி பெறும் அவர்களுக்கு வருகைப் பதிவேடும் இல்லை, முதலாளி இன்னார் என்ற ஆவணமும் இல்லை. இவர்களுள் பெரும்பாலோர்க்கு முதலமைச்சர் திட்டம் ஒன்றே துணை. சொந்த லாரியை ஓட்டுபவர் மூன்றாவது வகை. பெயருக்கு அவர் உரிமையாளர்; வருமானமோ வண்டியின் மாதத் தவணை போக மிஞ்சுவது. வருமானச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது என்பதே அவருக்குக் குழப்பம்.

இனி ஈ.எஸ்.ஐ. பற்றி வணிகப் பெருமக்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டிய பகுதி. 2019 ஜூலை முதல் தேதி வரை ஊதியத்தில் 6.5 விழுக்காடாக இருந்த பங்களிப்பு, அன்று முதல் 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முதலாளி 3.25, தொழிலாளி 0.75. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் எனில் தொழிலாளி தருவது சுமார் 113 ரூபாய். கடை தருவது சுமார் 488 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 600 ரூபாய். இதற்குக் கிடைப்பது என்ன? தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும் அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவம். முன்பே இருந்த நோய் என்ற கேள்வி இல்லை. வயது கேள்வி இல்லை. மருத்துவமனையில் படுத்தால்தான் என்ற நிபந்தனையும் இல்லை. காய்ச்சலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் புறநோயாளியாக மருந்து பெறலாம். அனைத்துக்கும் மேலாக, நோயால் வேலைக்குப் போகாத நாள்களுக்கு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மேற்சொன்ன ஊதியத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 ரூபாய். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம். நோயின் சுமையில் பாதி மருந்துச் செலவு, மறுபாதி இழந்த கூலி. அந்த மறுபாதியையும் தாங்கும் ஏற்பாடு ஈ.எஸ்.ஐ. தவிர ஏழைத் தொழிலாளிக்கு வேறில்லை.

குறைகள் உண்டு. மருந்தகத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. வாழப்பாடியிலிருந்து சேலத்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. இவை மெய்யே. ஆயினும் இக்குறைகளைக் காட்டி, பத்தாவது பணியாளரின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை நியாயப்படுத்த இயலாது. மாதம் 488 ரூபாய் மிச்சமாகிறது. அந்தப் பணியாளருக்குப் பெரிய நோய் வந்த அன்று அதே கடையின் கல்லாப்பெட்டி முன்புதான் அவர் முன்பணம் கேட்டு நிற்கிறார். கொடுத்தால் திரும்புவது ஐயம்; மறுத்தால் மனம் உறுத்தும். வணிகக் கணக்காகப் பார்த்தாலும் பதிவு செய்வதே இலாபம்.

பத்துக்குக் குறைவானவர் பணிபுரியும் கடைகளுக்கும் இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி, முதலாளியும் பணியாளர்களுள் பெரும்பாலோரும் உடன்பட்டால், பத்துக்குக் குறைந்த நிறுவனமும் தானே விரும்பி ஈ.எஸ்.ஐ.-யில் சேரலாம். மேலே சொன்ன ஏழு பேர் கடைக்கு இது பொருந்தும். ஏழு பேருக்கும் 14,000 ரூபாய் வீதம் சம்பளம் என்று கொண்டால், கடை செலுத்த வேண்டியது மாதம் 3,185 ரூபாய். தீபாவளி வாடிக்கையாளருக்கு நாட்காட்டியும் பையும் அச்சிடும் செலவை நினைவிற்கொண்டு இத்தொகையை மதிப்பிட வேண்டுகிறது இவ்வுரை. இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கடைத்தெருவில் இன்னும் பெரிதாகப் பேச்சில்லை. தணிக்கையாளரிடம் கேட்டால் அவர் வழி சொல்வார்.

முதலமைச்சர் திட்டத்துக்கு வருவோம். இதில் அட்டை வைத்திருப்பவர் பலர், அதன் இயல்பை அறிந்தவர் சிலர். இத்திட்டம் வரையறுக்கப்பட்ட சிகிச்சைகளுக்கானது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்றவை அதில் அடங்கும். பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்துவிட்டுப் பின்னர் அட்டையை நீட்டினால் பயனில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இத்திட்டம் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சேரும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டுவிட்டால் பாதி இடர் தீரும்.

அன்றாட மாத்திரைச் செலவு இத்திட்டத்தில் வாராது. ஐம்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரையும் அழுத்தமும் இருந்தால், மருந்துக் கடையில் மாதந்தோறும் கொடுக்கும் தொகை ஓர் ஆண்டில் கணிசமாகத் திரளும். கண்ணுக்குத் தெரியாமல் குடும்பத்தை அரிப்பது பெரும்பாலும் இதுவே. இதற்கு விடையாக 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்விரு நோய்களுக்குமான மருந்துகளை வீட்டுக்கே கொண்டு தந்தது. காப்பீட்டுக்கு வெளியே நின்று காப்பீட்டின் குறையைத் தீர்க்கும் ஏற்பாடு அது. தொடர்ந்து மாத்திரை உண்பவருக்குப் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் குறையும். 5 லட்சம் ரூபாய் அட்டைக்கு வேலையும் குறையும்.

நெடுஞ்சாலையோர ஊர் என்பதால் மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. வருமான வரம்பில்லை, அட்டை வேண்டியதில்லை, வேற்று மாநிலத்தவரானாலும் உண்டு. அடிபட்டுக் கிடப்பவரிடம் பணம் இருக்குமோ இராதோ என்று எண்ணி ஆம்புலன்சை அழைக்கத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

தனியார் பாலிசி குறித்துச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் இவ்வவையோருள் பலர் அதைத்தான் நம்பியிருக்கின்றனர். கொரோனாவுக்குப் பின் இப்பாலிசிகளின் விற்பனை பெருகியது. கூடவே, இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ கட்டாமல் விட்டுவிடுவோரும் உளர். 'கட்டிய பணம் வீணாயிற்று; ஒன்றும் வரவில்லை' என்பது அவர்கள் சொல்லும் காரணம். சீட்டுக் கட்டிப் பழகிய மனம் இப்படித்தான் எண்ணும். சீட்டில் கட்டிய பணம் என்றேனும் கைக்கு வரும். காப்பீடு வேறு வகை. நூறு பேர் கட்டிய பணம் நோயுற்ற நால்வருக்குப் போகிறது. மீதி தொண்ணூற்று அறுவர் நோயற்றிருந்தனர் என்பதே அவர்கள் பெற்ற பலன். லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டி ஓராண்டு விபத்தில்லாமல் ஓடினால் உரிமையாளர் அதை இழப்பு என்று சொல்வதில்லையே!

இடையில் விட்டுவிடுவதால் விளையும் கேடு பெரிது. புதிய பாலிசியில் முதல் 30 நாள்களுக்கு விபத்து தவிர வேறெதற்கும் பணம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்ற சிலவற்றுக்கு இரண்டாண்டுக் காத்திருப்பு வழக்கம். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு நான்காண்டு வரை இருந்தது. 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் அதை அதிகபட்சம் மூன்றாண்டாகக் குறைத்தது. விட்டுவிட்டு மீண்டும் சேர்பவருக்கு இந்தக் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். நிறுவனம் பிடிக்கவில்லையெனில், கழிந்த காத்திருப்புக் காலத்தை இழக்காமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளும் உரிமை உண்டு. விடுவதைவிட மாறுவது நல்லது.

படிவம் நிரப்பும்போது நோயை மறைப்பது இரண்டாவது கேடு. 'சர்க்கரை இருக்கிறது என்று எழுதினால் பிரீமியம் கூடும், எழுத வேண்டாம்' என்று சொல்லும் முகவரும் உண்டு. அன்று மிஞ்சுவது சில ஆயிரம். மருத்துவமனையில் சேர்ந்த அன்று, பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் கண்டெடுத்து முழு உரிமைக்கோரலையும் நிறுவனம் நிராகரித்தால் போவது லட்சங்கள். தொடர்ந்து ஐந்தாண்டு கட்டிய பின், மோசடியை நிறுவினாலன்றி, மறைத்தார் என்ற காரணங்காட்டி நிறுவனம் மறுக்க இயலாது; முன்பு எட்டாண்டாக இருந்த இக்காலமும் 2024-இல் குறைக்கப்பட்டதே. அதுவரை காத்திருந்து தப்பிக்கலாம் என்று எண்ணுவது சூதாட்டம். வாய்மை விரதத்தைப் போற்றும் அவையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

அறை வாடகை என்ற கண்ணி மூன்றாவது. மூன்று லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை காப்புத் தொகையில் ஒரு விழுக்காடு என்றிருந்தால், நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு. நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் 3,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றே எவரும் எண்ணுவர். பல பாலிசிகளில் அவ்வாறன்று. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்ற தொடர்புடைய செலவுகளும் அதே விகிதத்தில், அதாவது பாதியாக, வெட்டப்படும். அச்செலவுகள் 80,000 ரூபாயாக இருந்தால் 40,000 ரூபாய் நோயாளியின் தலையில் விழும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இவ்வெட்டு இல்லை என்பது ஓர் ஆறுதல். பாலிசியில் முதலில் படிக்க வேண்டியது காப்புத் தொகையையன்று. இந்த ஒரு வரியையே.

அண்மைக்காலத்தில் சில நன்மைகளும் நிகழ்ந்துள்ளன. 65 வயதைக் கடந்தவருக்கும் பாலிசி விற்கலாம் என்று 2024-இல் விதி மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளின் பிரீமியம் மீதிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 70 வயது நிறைந்தோருக்கு, வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் காப்பை விரிவாக்கும் திட்டத்தை 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கியது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-இல் அனைத்து நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டும் என்று வகுத்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசி எளிய குடும்பத்துக்கு ஏற்றது. நிபந்தனைகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே என்பதால் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்கலாம். நிறுவனம் உரிமைக்கோரலை மறுத்து, முறையீட்டுக்கும் முப்பது நாளில் தக்க விடை தராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞரின்றி மனுச் செய்யலாம். இவ்வழியை நாடுவோர் மிகச் சிலர். மறுப்புக் கடிதத்தை விதியென்று ஏற்று நகையை எடுத்துக்கொண்டு புறப்படுவோரே பலர்.

அறக்கட்டளைகள் இதில் என்ன செய்யலாம் என்ற வினா எழுவது இயல்பு. எளியோர் ஐம்பது பேருக்குப் பிரீமியம் கட்டிவிடலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். நல்லெண்ணந்தான்; ஆனால் அடுத்த ஆண்டு நன்கொடை குறைந்தால் ஐம்பது குடும்பங்களின் காப்பும் ஒரே நாளில் அறுந்துபோகும். அந்த ஐம்பதில் நாற்பது குடும்பங்கள் அரசுத் திட்டத்துக்கே தகுதி பெற்றிருந்து, சேராமல் இருக்கவும் கூடும். தகுதியுள்ளவர் சேராமல் இருப்பதற்குப் பணம் காரணமன்று, ஆவணமே காரணம். மருமகள் வீட்டுக்கு வந்து மூன்றாண்டாகியும் அவர் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருக்கும். பிறந்த குழந்தையின் பெயர் எந்த அட்டையிலும் இராது. காப்பீட்டில் குடும்பம் என்பது அந்த அட்டையில் உள்ள பெயர்களே. மருத்துவமனை மேசையில் இது தெரியவரும்போது திருத்த நேரமிராது.

ஆதலால் விழா முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் நால்வர் ஒரு மேசை போட்டு அமர்ந்தால் போதும். வருவோர் கொண்டுவர வேண்டியவை: குடும்ப அட்டை, வீட்டிலுள்ள அனைவரின் ஆதார் அட்டைகள், வருவாய்த் துறையிடம் பெற்ற வருமானச் சான்று. சான்று இல்லாதவருக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க உதவலாம். பெயர் சேர்க்கவும் நீக்கவும் வேண்டிய அட்டைகளைத் தனியே பிரித்து வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அனுப்பலாம். தகுதி உறுதியானவர்களைச் சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்கு ஒரே வேனில் அழைத்துச் செல்லலாம். வேனுக்கு ஆகும் டீசலை யாரேனும் ஒருவர் ஏற்றுக்கொள்வார்.